செம்புக்கு வீங்கியவள்

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில்
யஸ்னா குடித்த தண்ணீர் இரண்டு மிடறு.
அதுவும் மாத்திரை விழுங்க.

சுரங்கக் குழியின் அடியிலிருந்து
கழிப்பறைக்கு நாற்பது நிமிடம்.
முந்நூறு டன் கல்லோடு லாரியை நிறுத்தினால்
ரேடியோவில் ஒசாந்தோன் கேட்பான்:
"பதினேழு, ஏன் நிற்கிறாய்?"
அந்த அலைவரிசையில்
முப்பத்தெட்டு ஆண்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.
குடிக்காமலிருப்பது சுலபம்.

கலாமாவில் மழை என்பது
கல்யாணத்துக்கு மட்டும் வந்துபோகும் தூரத்து உறவு.
துவைத்த சட்டையைக் காற்று
கொடியில் போடும்போதே குடித்துவிடும்.
உதடு வெடித்தால் களிம்பு, கண் எரிந்தால் சொட்டு மருந்து.
நாக்குக்கு அடியில் எது காய்கிறது என்று
யார் குனிந்து பார்த்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை.
வறுத்த மீன். பீகாவிலிருந்து வந்த எலுமிச்சை,
கோலிக்குண்டு அளவு, பச்சை.
அலாமிரோ பிழிந்தான்.
பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு ஊறியது.
ஊறியதற்கு வெளியேற வழியில்லை.
தாடைக்கு அடியில் முட்டை போல ஒன்று கிளம்ப
கரண்டியை வைத்துவிட்டு
"பல்வலி" என்றாள்.

அரை மணியில் வடிந்தது.
மறுநாள் ரொட்டிக் கடையைக் கடந்தபோது,
வெறும் வாசனைக்கே, மறுபடி வந்தது.
பிறகு அவள் ஆறிய கஞ்சியை
மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கப் பழகினாள்,
ருசி தெரியாமல்,
எதிரிக்குத் தெரியாமல் எல்லை கடப்பவள் போல.

மூன்றாம் வாரம் வீக்கம் வடியவில்லை.
காய்ச்சல். தோல் சிவந்து பளபளத்தது.
வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.
நாக்கடியில் உப்பாக, அழுகலாக ஏதோ கசிந்தது.
கேன்டீனில் ஒருவன் அம்மைக்கட்டு என்று தள்ளி உட்கார்ந்தான்.
நம் ஊரானால் பொன்னுக்கு வீங்கி என்றிருப்பான்.
இவளுக்கு வீங்கியது செம்புக்கு.

இரவில் அலாமிரோவின் விரல்
அவள் கழுத்தில் அங்கே போய் நின்றது.
எடுக்கவுமில்லை. அழுத்தவுமில்லை.
இருவர் மனதிலும் இருந்த அந்த நோயின் பெயரை
இருவரும் மென்று விழுங்கினார்கள்,
அவள் வலியோடு.

டாக்டர் பரயோனா கையுறை விரலால்
நாக்கடியைத் தடவி மேல்நோக்கி அழுத்தினாள்.
மஞ்சளாக ஒரு துளி.
"நீ பயப்படுவது இல்லை.
உமிழ்நீர்ச் சுரப்பி. குழாயில் கல்.
அணை கட்டினால் பின்னால் தேங்கும்,
தேங்கினால் கிருமி குடியேறும்.
இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால்
சீழ் கழுத்துக்குள் இறங்கி
மூச்சுக்குழாயின் கதவைத் தட்டியிருக்கும்."

என்ன மாத்திரை?
ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தூசி அலர்ஜிக்கு ஒன்று.
"இரண்டுமே வாயை உலர்த்தும். மாற்றித் தருகிறேன்.
தண்ணீர் எவ்வளவு குடிப்பாய்?"

அதுவரை சட்டுச் சட்டென்று பதில் சொன்னவள்
சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

முதலில் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும்.
வீக்கம் தணிந்தபின் ஒரு சின்னக் கீறல்.
கல் வந்தது: அரிசியை விடக் கொஞ்சம் பருமன்,
மங்கிய மஞ்சள்.
நாளெல்லாம் மலையை அள்ளிக் கொட்டுகிறவள்
அதைச் சீசாவில் குலுக்கிப் பார்த்தாள்.
சத்தமே வரவில்லை.
இதற்கா, என்று சிரித்தாள்.
தையல் இழுத்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள்
ஒன்றரை லிட்டர் பாட்டிலில்
இரண்டு எலுமிச்சையைப் பிழிந்து எடுத்துப் போனாள்.
பத்தரை மணிக்குள் பாட்டில் காலி.
பதினொன்றுக்கு பிரேக்கை மிதித்தாள்.

"பதினேழு, ஏன் நிற்கிறாய்?"

"மூத்திரம் போக."

அலைவரிசையில் கொஞ்ச நேரம்
வெறும் இரைச்சல் மட்டும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாற்பது நிமிஷம்" என்றாள் யஸ்னா.
"போவதற்கு மட்டும்."